மூட்டைக்குச் சோதனைக்கூடம், ஆளுக்கு ஓரக்கண் பார்வை!

அரியலூர் மாவட்டத்தில் மண்ணைத் தோண்டினால் சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடக்கின்றன. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அந்தக் கடல் விட்டுச்சென்ற சொத்துதான் சுண்ணாம்புக்கல். அதை நம்பித்தான் 1979இல் அரியலூரில் சர்க்கார் சிமெண்டு ஆலை வந்தது. 1997இல் ஆலத்தியூரில் தனியார் ஆலை எழுந்தது. இன்று ஆலத்தியூர் என்று சொன்னால் சிமெண்டு என்றுதான் ஜனங்கள் புரிந்துகொள்கிறார்கள்.

சிமெண்டு ஆலை என்று இருந்தால் அதில் ஒரு சோதனைக்கூடம் இருக்கும். அரைத்த சிமெண்டை மணலோடும் தண்ணீரோடும் அளந்து கலந்து, சிறு கட்டிகளாக வார்த்து, 3ஆம் நாள் ஒன்றை, 7ஆம் நாள் ஒன்றை, 28ஆம் நாள் ஒன்றை இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்க்கிறார்கள். எவ்வளவு பாரம் தாங்கியது என்று குறித்துக்கொள்கிறார்கள். 53 என்று மூட்டையில் அச்சிட்டிருந்தால், 28 நாள் கழித்து ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஏறக்குறைய 540 கிலோ பாரம் தாங்கும் என்று பொருள். இதற்குத் தேசிய அளவில் விதிமுறை இருக்கிறது. மூட்டை எந்த ஊர், எந்தத் தெரு, எந்த ஜாதி, ஆணா பெண்ணா என்று அந்த இயந்திரம் கேட்பதில்லை.

நல்லது. மூட்டையை இப்படித்தான் சோதிக்க வேண்டும். நமக்கு அதில் தகராறு இல்லை. அந்த மூட்டையைத் தோளில் சுமந்து மாடிக்கு ஏற்றுகிற மனிதனையும், அதைக் கலவையாக்குகிற பெண்ணையும், அந்தக் கலவையால் சுவர் எழுப்புகிற கொத்தனாரையும் எப்படிச் சோதித்து வேலைக்கு எடுக்கிறார்கள்? இதுதான் நமது கேள்வி.

காலை ஏழு மணிச் சந்தை

எந்த ஊர் பஸ் நிறுத்தத்துக்கும் போய்ப் பாருங்கள். காலை 7 மணிக்கு டீக்கடை வாசலில் கரணையைப் பையில் செருகிக்கொண்டு, சோற்றுத் தூக்கோடு நிற்கிறார்கள். மேஸ்திரி மோட்டார் சைக்கிளில் வருகிறார். வண்டியை விட்டு இறங்குவதில்லை. ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொள்கிறார். மேலும் கீழும் ஒரு பார்வை. "நீ வா. நீயும் வா. நீ வேண்டாம்." தலை நரைத்திருந்தால் வேண்டாம். தோள் மெலிந்திருந்தால் வேண்டாம். 25 வருஷம் சுவர் கட்டிய கையை அவர் பார்ப்பதில்லை. முடியின் நிறத்தைப் பார்க்கிறார்.

பிறகு கேள்விகள். "எந்த ஊர்?" இந்தக் கேள்விக்குள் எந்தத் தெரு என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. அது எதற்காகக் கேட்கப்படுகிறது என்று கேட்கிறவருக்கும் தெரியும், நிற்கிறவருக்கும் தெரியும். "யாரிடம் வேலை பார்த்தாய்?" அதாவது, போன இடத்தில் கூலிக்காகச் சண்டை போட்டவனா நீ? "சங்கமா?" இதை வாய்விட்டுக் கேட்பவரும் உண்டு.

பெண்ணாக இருந்தால் ஒரு கேள்வியும் கிடையாது. அவள் சித்தாள். பிறக்கும்போதே முத்திரை குத்தியாயிற்று!

பெரிய கம்பெனிகளில் இப்படி நடக்காது என்று சில படித்த நண்பர்கள் சொல்லக்கூடும். கம்பெனி கான்ட்ராக்டரிடம் கொடுக்கிறது; கான்ட்ராக்டர் உள் கான்ட்ராக்டரிடம் கொடுக்கிறார்; அவர் மேஸ்திரியிடம் கொடுக்கிறார். மேலே கண்ணாடி அறையில் என்ஜினீயருக்கு நேர்முகத் தேர்வு. கீழே டீக்கடை வாசலில் ஓரக்கண் பார்வை. மேஸ்திரியை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. அவரும் நேற்றுவரை கரணை பிடித்தவர்தான். இத்தனை சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று மேலே இருப்பவன் அவர் கழுத்தை நெரிக்கிறான். அவர் நம் கழுத்தை நெரிக்கிறார்.

சுவர் எழுந்த பிறகு விலை

கொத்தனாரின் திறமையைப் பார்க்கவே முடியாது என்று நாம் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவன் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். செங்கல்லை நனைத்து எடுக்கிறானா, கலவையை ஒரே வீச்சில் பரப்புகிறானா, மேல் வரியின் இணைப்பு கீழ் வரியின் இணைப்புக்கு நேராக வராமல் கல்லை மாற்றி வைக்கிறானா, மூலையைத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து எழுப்புகிறானா, ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நிற்கிறதா: இவைதான் பரீட்சை. கட்டிய சுவர் பொய் சொல்லாது. சில பழைய மேஸ்திரிகள் இன்றும் "ஒரு வரி கட்டிக் காட்டு" என்று கேட்கிறார்கள். அதை நாம் மதிக்கிறோம்.

ஆனால் இன்று பெருகிவிட்ட முறை என்ன? "முதலில் வேலையைச் செய். சாயந்திரம் பார்த்துக் கூலி சொல்கிறேன்." சாயந்திரம் சுவர் நிற்கிறது. கான்ட்ராக்டர் சுவரை விட்டு நாலு அடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, நாக்கைச் சப்புக்கொட்டுகிறார். "பூச்சு அவ்வளவு சரியில்லை. நீ இன்னும் முழுக் கொத்தனார் இல்லை." கூலியில் பிடித்தம் விழுகிறது. சுவரை இடித்தாரா? இல்லை. மறுநாள் அதே ஆளை அழைத்து அடுத்த சுவரைக் கட்டச் சொல்கிறார். வீட்டுக்காரரிடம் முழுக் கொத்தனார் கூலியாகவே கணக்கு எழுதுகிறார்.

மளிகைக் கடையில் அரிசி வாங்கி, சமைத்து, சாப்பிட்டு, ஏப்பம் விட்ட பிறகு, "ருசி எப்படி இருந்தது என்று பார்த்து விலை சொல்கிறேன்" என்று யாராவது சொன்னால் கடைக்காரர் விடுவாரா? உழைப்பை விற்கிறவனிடம் மட்டும் இந்த வியாபாரம் செல்லுபடியாகிறது.

அவர்கள் கையில் இருக்கும் 'திறமை' என்ற கோல் வேலை வாங்கும் நேரத்தில் ஒரு நீளம், கூலி கொடுக்கும் நேரத்தில் வேறு நீளம். பஞ்சாலைத் தோழர்களுக்கு இது புதிய கதையா? 'பயிற்சியாளர்' என்ற பெயரில் பெண் பிள்ளைகளை எடுத்து, தேர்ந்த தொழிலாளிக்குச் சமமாக இயந்திரங்களைப் பார்க்கச் சொல்லி, மாதக் கணக்காக, வருஷக் கணக்காகப் பயிற்சி முடியவே இல்லை என்று சொல்கிற ஆலைகளை அவர்கள் பார்த்ததில்லையா? வயலில் நாற்று நடுகிற தாய்மார்களே, குனிந்த இடுப்பு நிமிராமல் நூல் பிடித்ததுபோல் நடுகிறீர்களே, எந்த ஜாபிதாவிலாவது உங்களைத் 'திறமையாளர்' என்று எழுதியிருக்கிறார்களா?

திறமையற்றவர் யார்?

குறைந்தபட்சக் கூலி நிர்ணயத்தில் சர்க்கார் நாலு பெட்டி வைத்திருக்கிறது: திறமையற்றவர், அரைத் திறமையாளர், திறமையாளர், உயர் திறமையாளர். 2019இல் பார்லிமெண்டில் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டுவரப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இதே நாலு பெட்டிகள் இருக்கின்றன. சித்தாளை முதல் பெட்டியில் போட்டு மூடிவிடுகிறார்கள்.

அந்தத் 'திறமையற்ற' பெண் என்ன செய்கிறாள் என்று கொஞ்சம் பார்ப்போம். கான்கிரீட்டின் பலம் எதில் இருக்கிறது? சிமெண்டுக்கு எவ்வளவு தண்ணீர் விடுகிறோம் என்பதில்தான் பெரும்பங்கு இருக்கிறது. டஃப் ஏப்ரம்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1918இல் இதை ஆராய்ந்து வெளியிட்டார்; இன்றும் என்ஜினீயரிங் கல்லூரிகளில் முதல் பாடம் அது. தண்ணீர் கூடினால் கலவை வழவழவென்று சுலபமாக ஓடும், ஆனால் காய்ந்த பிறகு பலம் குறையும். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் என்று கணக்குப் போட்டால், ஒரு வாளி கூடுதலாகக் கவிழ்த்தாலே ஆலைச் சோதனைக்கூடத்தில் பார்த்த பலமெல்லாம் கரைந்துபோகும். கலவைக் குழியின் ஓரத்தில் நின்று, மணல் நேற்று மழையில் நனைந்த மணலா, வெயிலில் காய்ந்த மணலா என்று கையால் அள்ளிப் பார்த்து, "போதும் அண்ணே, மணலே ஈரமாயிருக்கு" என்று வாளியை நிறுத்துகிறவள் யார்? கான்கிரீட் போட்ட பிறகு குறைந்தது 7 நாள் அதன் மேல் ஈரம் காயாமல் தண்ணீர் காட்டுகிறவள் யார்? அந்த ஏழு நாளில் அவள் இரண்டு நாள் ஏமாற்றினால் தளம் வெடிக்கும். தலையில் சும்மாடு வைத்து, அதன் மேல் கலவைச் சட்டி வைத்து, இரண்டு கையையும் விட்டுச் சாரத்தில் ஏறுகிறாளே, சட்டைக் கசங்காத கான்ட்ராக்டர் ஒரு தரம் ஏறிக் காட்டட்டும்!

ஒரு கட்டிடத்தின் ஆயுளே எவள் கையில் இருக்கிறதோ, அவள் திறமையற்றவள். அவளை மேய்க்கிறவன் திறமையாளன். பலே நியாயம்!

கரணை யாருக்குச் சொந்தம்?

ஓர் ஆண் பிள்ளை 16, 17 வயதில் கையாளாகச் சேருகிறான். இரண்டு மூன்று வருஷத்தில் கொத்தனார் சாப்பிடப் போன நேரத்தில் கரணையை எடுத்துப் பார்க்கிறான். "பரவாயில்லையே" என்று சிரிக்கிறார்கள். சின்னச் சின்ன வேலை கிடைக்கிறது. ஐந்தாறு வருஷத்தில் கொத்தனார். அவன் பக்கத்திலேயே அதே நாளில் வேலைக்கு வந்த பெண், 20 வருஷம் கழித்தும் சித்தாள். அவளுக்குச் சுவரின் நெளிவு தெரியும். கொத்தனாருக்கு முன்பே "தம்பி, மூலை வெளியே போவுது" என்று சொல்கிறாள். ஆனால் கரணையைத் தொட்டால் சிரிப்பு வேறு மாதிரி வருகிறது.

சட்டம் சும்மா இருக்கிறதா என்றால், காகிதத்தில் இருக்கிறது. சமமான மதிப்புள்ள வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக் கூலி என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1951இல் உடன்படிக்கை செய்தது. இந்தியா அதை 1958இல் ஏற்றது. ஆளைப் பார்க்காதே, செய்கிற வேலையைப் பாரபட்சமின்றி மதிப்பிடு என்பது அதில் கண்ட வழி. 1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது. ஒரே மாதிரியான வேலைக்கு ஆள் எடுப்பதிலேயே பாகுபாடு கூடாது என்றது. இப்போது அது 2019 தொகுப்புக்குள் போய்விட்டது.

முதலாளி இதற்கு நேர்வழியிலேயே ஒரு பொந்து கண்டுபிடித்துவிட்டான். "ஒரே வேலைக்குத்தானே சமக் கூலி? அவளை அந்த வேலைக்கே விடாவிட்டால்?" தீர்ந்தது விஷயம். பரீட்சையே வைக்காதவனைப் பாகுபாடு செய்தான் என்று எப்படி நிரூபிப்பீர்கள்?

ஒரே வேலையைச் செய்த இடத்திலும் என்ன நடந்தது? 1982இல் டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக மைதானங்களும் மேம்பாலங்களும் எழுந்தன. அந்த வேலைத்தலங்களின் நிலைமை சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளுக்கு ரூ.9.25. ஆள் பிடித்து வந்த ஜமாதார்கள் தலைக்கு 1 ரூபாய் கமிஷன் எடுத்துக்கொண்டு ரூ.8.25 கொடுத்தார்கள். பெண்களுக்கோ 7 ரூபாய். மீதி ஜமாதார் பைக்குள் போனது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டம் தடுக்கிற கட்டாய உழைப்பே என்று 1982 செப்டம்பர் 18இல் அந்தக் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அந்த ரூ.2.25 பெண்ணின் திறமைக் குறைவுக்கான தொகையா, ஜமாதாரின் கைத்திறமைக்கான தொகையா என்று வாசகர்களே முடிவு செய்யலாம்.

பெண்களால் கொத்து வேலை முடியாது என்பவர்கள் பாலக்காட்டைத் தாண்டித் திருச்சூர் வரை போய் வரட்டும். 1990களிலேயே அங்கே பெண்கள் கொத்து வேலை பயின்று, தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்து, ஒப்பந்தம் எடுத்து வீடுகள் கட்டினார்கள். அந்த வீடுகளில் மழை ஒழுகவில்லை.

இங்கே நம் வீட்டு அழுக்கையும் சொல்லியாக வேண்டும். "பொம்பளைக்குக் கரணை எதுக்கு?" என்று சொல்கிறவர்களில் நம் கொத்தனார் சகோதரர்களும் இருக்கிறார்கள். கூலி உயர்வு கேட்டுப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போதே ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு ஒரு தொகை என்று எழுதிக்கொண்டு போகிற சங்கங்களும் இருக்கின்றன. அவள் கரணை பிடித்தால் என் கூலி குறையும் என்ற பயம் அவர்களுக்கு. பாதிக் கூலிக்கு ஆள் எப்போதும் கைவசம் இருப்பதால்தான் உன் கூலி ஏறவில்லை என்பதை யார் சொல்லிக்கொடுப்பது? வடக்கேயிருந்து வருகிற தொழிலாளியின் விஷயமும் அப்படித்தான். "பீஹார்க்காரன் நல்ல வேலைக்காரன்" என்று கான்ட்ராக்டர் மெச்சுகிறார். அவன் சுவரைப் பார்த்தா மெச்சுகிறார்? கட்டிடத்திலேயே தகரக் கொட்டகையில் படுத்து, பேச ஆள் இல்லாமல், பொங்கலுக்கு ஊருக்குப் போகாமல், கணக்குக் கேட்க பாஷை தெரியாமல் இருக்கிறானே, அந்தக் கதியற்ற நிலைக்குத்தான் 'நல்ல வேலைக்காரன்' என்று பெயர் வைத்திருக்கிறார். அந்தப் பிள்ளையை நாம் கோபிப்பது மடமை.

சான்றிதழ் மாயம்

"கவலைப்படாதீர்கள், சான்றிதழ் தருகிறோம்" என்று சர்க்கார் வந்தது. 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனாவில், ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடும் இருந்தது. யோசனை தவறல்ல. ஆனால் அந்தக் காகிதத்தைக் காட்டினால் ஒரு ரூபாய் அதிகம் கொடுத்தாக வேண்டும் என்று எந்தக் கான்ட்ராக்டரையாவது அது கட்டுப்படுத்துகிறதா? இல்லை. பஸ் நிறுத்தத்தில் மோட்டார் சைக்கிள்காரரிடம் நீட்டினால், "மடித்து வை அண்ணே, மழையில் நனைந்துவிடும்" என்பார்.

காகிதத்துக்கு விலை வைத்த ஊர் ஒன்று உண்டு: சிங்கப்பூர். நம் பக்கத்துப் பையன்கள் கடன் வாங்கி, மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, 'டெஸ்ட் அடித்து'ப் போகிற ஊர். அங்கே கட்டிடத் துறையில் வெளிநாட்டுத் தொழிலாளியை வைத்திருப்பதற்கு முதலாளி சர்க்காருக்கு மாதாமாதம் வரி கட்ட வேண்டும். 2024 ஜனவரியில் நிர்ணயித்தபடி, உயர் திறமை என்று பதிவானவனுக்கு 500 வெள்ளி. அடிப்படைத் திறமை என்று பதிவானவனுக்கு 900 வெள்ளி. தொழிலாளி ஒரு படி ஏறினால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம்! படித்து, பரீட்சை எழுதி, கைவேலை காட்டித் தேறியவன் தொழிலாளி. லாபம் யாருக்கு முதலில் போகிறது பாருங்கள். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளலாம். சர்க்கார் நினைத்தால் திறமைக்கு ஒரு விலை குறிக்க முடியும், முதலாளியும் முணுமுணுக்காமல் கணக்குப் பார்ப்பான். அந்த விலையைத் தொழிலாளியின் கூலியில் குறித்தால் என்ன என்பதுதான் நாம் கேட்பது.

யாருடைய திறமையைச் சோதித்தார்கள்?

2014 ஜூன் 28. சென்னைக்குப் பக்கத்தில் மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் மழை நாளில் அப்படியே உட்கார்ந்தது. 61 உயிர்கள் போயின. ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் ஜில்லாக்களிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். காலையில் அவர்களை ஒவ்வொருவராக, தோளைப் பார்த்து, வயசைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அந்த மண் 11 மாடியைத் தாங்குமா, அந்தத் தூண் போதுமா என்று பார்க்க வேண்டியவர்களின் திறமையை எந்தப் பஸ் நிறுத்தத்தில் வைத்து யார் சோதித்தார்கள்? சுவர் கொஞ்சம் கோணினால் கொத்தனாருக்குக் கூலி பிடித்தம். கட்டிடமே விழுந்தாலும் மேலே இருப்பவனின் திறமைப் பட்டம் அவன் பெயருக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நாம் கேட்பது

பரீட்சை வேண்டாம் என்று நாம் ஒருபோதும் சொல்லமாட்டோம். தொழில் தெரிந்தவனுக்குப் பரீட்சையைக் கண்டு பயமில்லை. பரீட்சை வேலைக்கு இருக்க வேண்டும். வயசுக்கும் தெருவுக்கும் புடவைக்கும் இருக்கக் கூடாது. கூலி என்ன என்பது முதல் கல்லை வைப்பதற்கு முன் சொல்லப்பட வேண்டும். ஒரு வரி கட்டிக் காட்டு என்றால் கட்டிக் காட்டுவோம். அந்த நாளுக்கும் கூலி உண்டு. சித்தாளாக இத்தனை வருஷம் உழைத்தவள் கேட்டால் அவளுக்கும் அதே செங்கல், அதே தூக்குக்குண்டு, அதே பரீட்சை.

இதை நடத்தப் பணமில்லை என்று யாரும் சொல்லவேண்டாம். கட்டிடத் தொழிலாளருக்கென்று தமிழ்நாட்டில் 1994இல் நலவாரியம் ஏற்பட்டது. அது தானாக வந்ததல்ல. சங்கங்கள் வருஷக்கணக்காகத் தெருவில் நின்று கேட்டு வாங்கியது. கட்டிடச் செலவில் நூற்றுக்கு 1 ரூபாய் தீர்வை இந்தத் தொழிலாளர்களுக்காகவே வசூலாகிறது. நாடு முழுவதும் இப்படி வசூலான பணத்தைச் செலவிடாமல் முடக்கி வைத்ததை 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டே கண்டித்தது. அந்தப் பணத்தில் தாலுகாவுக்கு ஒரு பரீட்சைக் களம் போடலாம். தீர்ப்புச் சொல்லும் குழுவில் என்ஜினீயரோடு பழுத்த கொத்தனார் இருவரும், சங்கப் பிரதிநிதியும், பெண் தொழிலாளியும் உட்காரட்டும். அங்கே தேறியவருக்கு இன்ன கூலிக்குக் குறைந்து கொடுக்கக் கூடாது என்று உத்தரவு போடட்டும். சிமெண்டுக் கட்டிக்கு 28 நாள் காத்திருக்கிற நாடு, ஒரு மனிதனின் கையைப் பார்க்க அரை நாள் ஒதுக்கக் கூடாதா?

அதுவரை ஒரு காரியம் நாமே செய்யலாம், நாளைக் காலையே தொடங்கலாம். ஒவ்வொருவரும் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, வேலை நடந்த இடம், மேஸ்திரி பெயர், சொன்ன கூலி, கொடுத்த கூலி, அன்று உண்மையில் செய்த வேலை: சுவரா, பூச்சா, கம்பி கட்டியதா, கலவை கலந்ததா. எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதித் தரட்டும். நலவாரியத்தில் பதிய 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்று 1996 சட்டம் கேட்டது. அதற்கும் இந்த நோட்டு உதவும். மாதம் ஒரு முறை சங்கக் கூட்டத்தில் நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சித்தாள் கூலி வாங்கிக்கொண்டு பூச்சு வேலை செய்த நாட்கள் எத்தனை என்று முதலில் பெண்களின் நோட்டில் எண்ணுங்கள்.